புறம்போக்கு வழியே வந்த வெயில்

நாள் 214 — 08:20 மணி
இருப்பு 100%. சுமை 40 கிலோவாட்.

கடைசி ஒளி 08:20க்குப் போனது. அட்டவணையிலும் 08:20. வித்தியாசம் இல்லை.

இதை வாசிப்பவர் எனக்குப் பின் இந்தப் பணிக்கு வருபவராக இருப்பார் என்று எண்ணி எழுதுகிறேன். ஆகவே எல்லோருக்கும் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பூதலிங்கம். வயது அறுபத்தெட்டு. கல்லூரியில் கணிதம் கற்பித்தவன். நிலவின் தென்முனையில், வெயில்மேடு என்ற முகட்டின் மேல், ஓர் ஆள் தங்கும் குடிசையில் இருக்கிறேன். மூன்று கிலோமீட்டர் தள்ளி, அடிவாரத்தில், நிலத்துக்கடியில் கீழூர். அங்கே நாற்பத்தாறு பேர் பனிக்கட்டி வெட்டி, அதிலிருந்து நீரும் காற்றும் ஆக்கிப் பிழைக்கிறார்கள்.

இங்கே சூரியன் உச்சிக்கு வராது. தொடுவானத்தை ஒட்டியபடி மாதம் ஒரு முறை சுற்றிவரும். பலகைகளைத் தரையில் விரித்தால் பயனில்லை. கம்பத்தில் செங்குத்தாக நிறுத்த வேண்டும். வெயில் விழும் முகட்டின் நீளம் அறுநூறு மீட்டர். அதில் பதினோரு கம்பங்கள். பன்னிரண்டாவதை நட்டால் அதன் நிழல் மற்றவற்றின் மேல் விழும். எவ்வளவு பெரிய நிலவு, எவ்வளவு சிறிய நிலம் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

நில வகைப்பாட்டை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பெரும்பகுதி நேரம் வெயில் படும் இடம் நஞ்சை. பாதி நேரம் படுவது புஞ்சை. வெயிலே படாதது புறம்போக்கு. விளையாட்டாக வைத்த பெயர்கள்தான். பிறகு அதுவே பதிவேட்டில் ஏறிவிட்டது.

குளிர்கால நடுவில் சூரியன் மிகத் தாழ்ந்து, இரண்டு மலைகளுக்குப் பின்னால் போகும். முதல் மலையின் இருட்டு 58 மணி நேரம். பிறகு இரண்டு மலைகளுக்கும் நடுவிலுள்ள தாழ்வான இடம். அதைக் கழுத்து என்கிறோம். அதன் வழியே சூரியனின் மேல் விளிம்பு 14 மணி நேரம் எட்டிப் பார்க்கும். அப்போது பேட்டரிகள் நிரம்பும். பிறகு இரண்டாவது மலை, 47 மணி நேரம். பேட்டரி முழு இருப்பு வழக்கமான சுமைக்கு 71 மணி நேரம் தாங்கும். கழுத்து இருப்பதால்தான் கீழூர் இருக்கிறது.

என் வேலை ஒளி வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் கணித்துத் தருவது. கீழூரில் அதை நிழல் பஞ்சாங்கம் என்கிறார்கள். கழுத்தின் 14 மணி நேரம் சில ஆண்டுகளாகக் குறைந்துவருகிறது. முதலில் இருபது நிமிடம் குறைந்தது; போன குளிர்காலத்தில் கிடைத்தது 11 மணி நேரம். பலகையில் தூசு படிந்திருக்கலாம். என் சூத்திரத்திலும் பிழை இருக்கலாம். ஆண்டுதோறும் ஒரு திருத்தம் சேர்த்துவருகிறேன். இந்த ஆண்டுக் கணிப்பு 10 மணி நேரம். போதும்.

நாள் 214 — 17:40 மணி
இருப்பு 88%. சுமை 40.

வழக்கமான விண்மீன் நோக்கல். மகம் இன்று கழுத்தின் விளிம்புக்குச் சற்று மேலே ஊர்ந்துபோக வேண்டும். கழுத்தை நெருங்கியதும் மறைந்தது. விளிம்பு நான் குறித்து வைத்திருப்பதைவிட உயரமாக இருப்பதுபோல் தோன்றியது.

கோணம் அளக்கும் தியோடலைட்டின் மட்டம் சாய்ந்திருக்கலாம். போன மாதம் அதன் காலில் இடித்துக்கொண்டேன். மட்டத்தைச் சரிசெய்து மறுபடி பார்ப்பேன். இதை வைத்துக் கீழூரைப் பதறவைக்கக் கூடாது.

நாள் 215 — 03:15 மணி
இருப்பு 75%. சுமை 40.

மட்டத்தை மூன்று முறை சரிசெய்தேன். மகம் இன்னும் தெரியவில்லை. வேறு ஒரு மங்கலான விண்மீனை வைத்துப் பார்த்தேன். அதுவும் அதே இடத்தில் மறைந்தது. கணக்கிட்டால் கழுத்தின் விளிம்பு பதினொரு மீட்டர் உயர்ந்திருக்கிறது.

பாறை ஓர் ஆண்டில் வளராது. புல்டோசர் ஓட்டும் சேர்மக்கனியை வானொலியில் அழைத்தேன். வேறு எதையோ கேட்பதுபோல, சுரங்க மண்ணை எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கன கொட்ட அண்ணாச்சி? பள்ளத்துல கொட்டுனா பனிய மூடிரும். மேட்டுல கொட்டுனா நீங்க சண்டைக்கு வருவிய. கழுத்துலதான் கொட்டுதோம், ஆறு வருசமா. புறம்போக்குன்னு நீங்கதான எழுதிக் குடுத்திய!"

சிரித்தார். இந்த ஆண்டு எவ்வளவு என்று கேட்டேன்.

"புது ஆளுக பதினாறு பேரு வந்தாவள்லா, அவியளுக்கு ரூம்பு வெட்டுன மண்ணு பூராவும் அங்கதான். ஒரு மலையே கட்டிட்டேன். பேருகூட வச்சாச்சு, சேர்மமலை. பொறவு வந்து பாருங்க."

பூமியிடம் பத்துப் பேட்டரி கேட்டோம். பதினாறு பேர் வந்தார்கள். ஒரு பேட்டரியின் எடைக்கு ஆள், உணவு, உடை எல்லாம் ஏற்றிவிடலாம் என்று அங்கே யாரோ கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் பிழை இல்லை. அந்த ஆட்களுக்கு அறை வெட்டிய மண்தான் கழுத்தில் நிற்கிறது.

கழுத்தில் வெயில் நிற்பதில்லை. அதனால் புறம்போக்கு என்று எழுதினேன். வெயில் அதன் வழியாக வருகிறது என்பதை எழுதவில்லை. பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

ஆனால் நான் தவறாகவும் இருக்கலாம். இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நாள் 215 — 12:40 மணி
இருப்பு 62%. சுமை 40.

கீழூர்ப் பொறுப்பாளர் திலகராணியிடம் சொல்லிவிட்டேன். மகம் முதன்முதல் மறைந்து பத்தொன்பது மணி நேரம் கழித்து.

கழுத்து அடைபட்டிருந்தால் இருட்டு தொடர்ச்சியாக 119 மணி நேரம். இருப்பு 71 மணி நேரத்துக்கு. இதை மட்டும் சொன்னேன்.

"சார், இது உறுதிதானா?"

அநேகமாக என்றேன்.

"அநேகமாகன்னா நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க? டோசர இருட்டுல அனுப்பினா ஆறு பர்சென்ட் போயிரும். சுமையக் குறைச்சா நாத்தெல்லாம் கருகிரும், மூணு மாச சாப்பாடு. நீங்க உறுதின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த நிமிஷமே எல்லாத்தையும் அணைக்கிறேன்."

இன்னும் ஒரு நோக்கல் தேவை என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாள் 215 — 19:05 மணி
இருப்பு 53%. சுமை 22.

மூன்றாவது விண்மீனும் மறைந்தது. உறுதி என்று சொன்னேன். சொன்ன மூன்றாவது நிமிடத்தில் சுமை நாற்பதிலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கியது. பயிர் விளக்குகள், சுரங்கம், பட்டறை எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்கள். சேர்மக்கனி டோசரோடு கழுத்துக்குக் கிளம்பினார்.

முதலிலேயே சொல்லியிருந்தால் இருபத்தைந்து மணி நேரம் மிஞ்சியிருக்கும். அத்தனை நேரமும் நாற்பது கிலோவாட் எரிந்தது. நான் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதைய கணக்கு: கழுத்தின் நேரம் தொடங்க இன்னும் 23 மணி நேரம் இருக்கிறது. அதற்குள் மண்மேட்டில் ஆறு மீட்டர் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் போல வெட்டினால் போதும். அதன் வழியே வரும் வெயில் எங்களைக் கரை சேர்க்கும்.

நாள் 216 — 09:30 மணி
இருப்பு 38%. சுமை 28, டோசரையும் சேர்த்து.

சேர்மக்கனி பதினோரு மணி நேரமாக வெட்டுகிறார். ஒன்றரை மீட்டர்தான் இறங்கியிருக்கிறது. கொட்டியது வெறும் மண் அல்ல. பனி கலந்த மண். கொட்டிய இடத்தில் இறுகிக் கான்கிரீட் போல ஆகிவிட்டது. இதையும் நான் யோசிக்கவில்லை.

"அண்ணாச்சி, நான் கொட்டுன மண்ணு என்னையவே மொறைக்கி. பிளேடு பல்லு ரெண்டு போயிட்டு."

ஓய்வெடுக்கச் சொன்னேன்.

"சூரியன் ஓய்வெடுக்குமாவே? நீரு பஞ்சாங்கத்தப் பாத்துச் சொல்லும், எந்தப் பக்கமா வெட்டுனா மொதல்ல வெளிச்சம் வரும்னு."

இடது ஓரம் என்றேன். சொன்ன பிறகு இரண்டு முறை சரிபார்த்தேன். இடது ஓரம்தான்.

நாள் 216 — 18:20 மணி
இருப்பு 29%. சுமை 27.

கழுத்தின் நேரம். ஒளி வரவில்லை.

மண்மேட்டின் உச்சியில் மட்டும் வெண்மையான ஒரு கோடு. சூரியன் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. அந்தக் கோட்டின் வெளிச்சத்தில் டோசரைக்கூட என்னால் பார்க்க முடிகிறது, சிறு எறும்பு போல. பதினோரு கம்பங்களும் அந்தப் பக்கமே திரும்பி நிற்கின்றன. எல்லாவற்றிலும் மின்னோட்டம் சுழியம்.

என் முந்தைய திருத்தங்கள் அனைத்தையும் எடுத்துப் பார்த்தேன். இருபது நிமிடம், ஒரு மணி பத்து, மூன்று மணி. ஒவ்வோர் ஆண்டும் மண்மேடு எவ்வளவு வளர்ந்ததோ அவ்வளவுதான். என் முதல் சூத்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. நான் ஆறு ஆண்டுகள் சரியாக அளந்துவிட்டு, ஆறு ஆண்டுகளும் என்னையே திருத்தியிருக்கிறேன்.

நாள் 216 — 23:50 மணி
இருப்பு 28%. சுமை 24.

வெட்டிய வாய்க்கால் வழியே வெயில் வந்தது. மூன்று கம்பங்களின் மேல் வரிசைப் பலகைகளில் மட்டும், ஒரு மணி பத்து நிமிடம். மூன்று விழுக்காடு ஏறியது. பிறகு சூரியன் வாய்க்காலைக் கடந்து மறுபடி மண்ணுக்குப் பின்னால் போய்விட்டது. வாய்க்காலை அகலப்படுத்த டோசரில் சார்ஜ் இல்லை.

"வந்துச்சுலா அண்ணாச்சி, பாத்தியளா? என் மூஞ்சியில அடிச்சிச்சு. கண்ணு கூசிச்சு."

பார்த்தேன் என்றேன். டோசரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து கீழூர் திரும்புகிறார்.

நாள் 217 — 08:20 மணி
இருப்பு 22%. சுமை 11.

இரண்டாவது மலை தொடங்கிவிட்டது. முதல் ஒளி நாள் 219, 07:20 மணிக்கு. இன்னும் 47 மணி நேரம். திருத்தம் எதுவும் சேர்க்கவில்லை.

நாற்பத்தாறு பேரும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்றாக இருக்கிறார்கள். மற்ற அறைகளை மூடிவிட்டார்கள். காற்றைச் சுத்தம் செய்யும் கருவிக்கும் குளிர்காய ஓர் அடுப்புக்கும் மட்டும் மின்சாரம். குழந்தைகள் ஐந்து பேர்.

விதைநெல்லைப் பற்றி எழுத வேண்டும். இருப்பின் கடைசி ஐந்து விழுக்காட்டை அப்படி அழைக்கிறோம். அது பேட்டரிகளையே சூடாக வைத்திருக்க. அது தீர்ந்தால் பேட்டரிகள் உறையும். உறைந்த பேட்டரியில் வெயில் வந்தாலும் ஏறாது. இருபத்துநான்கு நாளில் அடுத்த நீண்ட இருட்டு. அப்போது சேமிப்பே இருக்காது. ஆகவே ஐந்தைத் தொட்டதும் கீழூர் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். அதை விடுவிக்கும் சாவி இந்தக் குடிசையில் இருக்கிறது. சாவியை மேலே வைக்கச் சொன்னவனும் நான்தான். கீழே இருந்தால் இரக்கப்பட்டுத் திறந்துவிடுவார்கள் என்று அன்று வாதிட்டேன்.

நாள் 218 — 06:00 மணி
இருப்பு 12%. சுமை 11.

கணக்குப்படி 14 இருக்க வேண்டும். குளிர்ந்த பேட்டரி கணக்குக்குக் கட்டுப்படவில்லை.

குடிசைக்குத் தனியாக ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. ஓர் ஆளின் காற்றுக்கும், வானொலிக்கும், இந்தப் பதிவுக்கும் போதும். அதைக் கீழே அனுப்ப வழி இருக்கிறதா என்று வரைபடத்தைப் பார்த்தேன். இல்லை. அடுப்பை மட்டும் அணைத்துவிட்டேன். அதனால் யாருக்கும் பயனில்லை என்று தெரியும்.

நாள் 218 — 19:20 மணி
இருப்பு 5%. சுமை 11, பிறகு 0, பிறகு 11.

19:06க்கு இணைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டது. திலகராணி அழைத்தார்.

"சார், விதைநெல்ல விடுங்க."

அடுத்த இருட்டைப் பற்றி நினைவூட்டினேன்.

"அடுத்த இருட்ட அடுத்த இருட்டுக்குப் பாத்துக்கலாம் சார். இங்க காத்து மெஷின் நின்னுபோச்சு. எங்கிட்ட காத்து உடை முப்பத்தொண்ணு, ஆளு நாப்பத்தாறு. நீங்க கணக்கு வாத்தியாருதானே, கழிச்சுப் பாருங்க."

கழித்துப் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பினேன். 19:08. என் வாழ்நாளில் சரிபார்க்காமல் செய்த முதல் வேலை இதுவாக இருக்கும்.

ஏட்டுக் கணக்கின்படி இந்த ஐந்து விழுக்காடு பதின்மூன்று மணி நேரம் தாங்கும். இந்தக் குளிரில் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒளி வர இன்னும் பன்னிரண்டு.

நாள் 219 — 03:05 மணி
இருப்பு 0%. சுமை 0.

தீர்ந்தது. எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கூடத்தில் அடைபட்ட காற்று இரண்டு மணி நேரம் தாங்கும். பிறகு உடைகளை மாற்றி மாற்றிப் போட்டால் இன்னும் இரண்டரை. மொத்தம் நாலரை. தேவை நாலேகால். கணக்கில் பதினைந்து நிமிடம் மிச்சம் இருக்கிறது.

பேட்டரி உறைந்துவிட்டதால் ஒவ்வொரு கம்பத்தையும் நேராகக் கீழூர்க் கம்பியோடு இணைக்க வேண்டும். கைப்பிடியை இழுத்து மாட்ட வேண்டும், பதினோரு கம்பத்திலும். வெளியே போகிறேன். கீழூரிலும் யாராவது ஒருவர் பிரதான சுவிட்சை மேலே தள்ளினால்தான் மின்சாரம் உள்ளே போகும். சேர்மக்கனி பொறுப்பேற்றிருக்கிறார். கைவானொலியில் கடைசியாகப் பேசினார். குரல் மெதுவாக வந்தது.

"சுவிட்சுக்குக் கீழயே உக்காந்துருக்கேன் அண்ணாச்சி. சொல்லுங்க, எத்தன மணிக்கு?"

ஏழு இருபது என்றேன்.

"திருத்தம் போட்டா, போடாமயா?"

போடாமல்.

"உறுதியா?"

உறுதி என்றேன்.

"அப்ப சரி. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீய. கொட்டுனது நான்லா."

நாள் 219 — 06:45 மணி

பதினொன்றும் மாட்டியாகிவிட்டது. ஏழாவது கம்பத்தில் கை வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். உடையில் மீதிக் காற்று ஒரு மணி பத்து நிமிடம். கீழூருக்கு நடக்க எனக்கு ஒரு மணி நாற்பது. உடையை நிரப்பப் போட்டிருக்கிறேன். ஆறு மணி நேரம் ஆகும்.

ஐந்தரை மணியிலிருந்து கைவானொலியில் பதில் இல்லை. அதன் சார்ஜ் தீர்ந்திருக்கும்.

நாள் 219 — 07:20 மணி

முதல் ஒளி 07:20. வித்தியாசம் இல்லை.

முதல் கம்பத்தின் உச்சியில் பட்டது, பிறகு இரண்டாவது, வரிசையாகப் பதினொன்றும். கீழூர்க் கம்பியில் மின்னழுத்தம் முழுமையாக நிற்கிறது. பிரதான சுவிட்சை மேலே தள்ளினால் போதும். தள்ளிய கணமே இங்கே சுமை காட்டும்.

சுமை 0.

07:31
சுமை 0. எழுந்து நிற்க நேரம் ஆகும். கை மரத்திருக்கும்.

07:45
சுமை 0. அழைத்தேன். ஒளி வந்துவிட்டது, ஏழு இருபதுக்கே வந்துவிட்டது என்று சொன்னேன். மூன்று முறை சொன்னேன்.

08:10
சுமை 0. மின்னழுத்தம் சரி. கம்பி சரி. பதினோரு கைப்பிடிகளும் சரி. மீட்டரில் பிழை இருக்கலாம். அதன் மேலும் நான் எப்போதாவது இடித்திருக்கலாம்.

08:40
சுமை 0. மீட்டரைக் கழற்றி மாட்டினேன். பிழை எங்கேயோ இருக்கிறது. என்னிடம்தான் இருக்க வேண்டும். எப்போதும் என்னிடம்தான் இருந்திருக்கிறது.

09:00
சுமை 0. மறுபடி பார்க்கிறேன்.